சந்திரமதி செய்த குரல்பெட்டி

ஜொகூரில் தம்போயிலிருந்து செனாய்க்குப் போகும் தொழிற்சாலைப் பேருந்துகளில் காளிதாஸ் ஓட்டிய பேருந்து மட்டும் ஹார்ன் அடிக்காது. விடிவதற்குள் தாமான் குடியிருப்புக்குள் ஹார்ன் அடித்தால் கைக்குழந்தைகள் எழுந்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம். ஆனால் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "மலரு, பஸ்ஸு வந்தாச்சு லா!" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் கைக்குழந்தை என்ன, அந்த வரிசை வீடுகள் அத்தனையும் எழுந்துவிடும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அந்தக் குரலில் ஒரு சிரிப்பு எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சந்திரமதிக்கு முதலில் அறிமுகமானதும் அந்தக் குரல்தான். கூலாய்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளி முடிந்ததும் செனாயில் வேலை கிடைத்து, தம்போயில் சின்னம்மா வீட்டில் தங்கினாள். முதல் நாள் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தபோது, தெருமுனையில் நின்ற பேருந்திலிருந்து, "ஓடாதம்மா, நான் எங்கயும் போயிடல!" என்று ஒருவர் கூப்பிட்டார். அவ்வளவு தூரத்திலிருந்தும் பக்கத்தில் நின்று சொன்னதுபோல் கேட்டது. முகத்தைப் பார்க்கும் முன்பே அவளுக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது. பிறகு கல்யாணம், பிறகு மகள் லோஷினி. இப்போது லோஷினியும் வளர்ந்து சிங்கப்பூரில் வேலைக்குப் போய்விட்டாள்.

மின்னணுத் தொழிற்சாலையில் சந்திரமதி படிப்படியாக ஏறினாள். முதலில் போர்டில் சின்னச் சின்னப் பாகங்களைக் கையால் செருகும் வேலை. பிறகு ஈயம் பற்றவைக்கும் மேசை. பிறகு பகுதிநேர வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, பரிசோதனைப் பிரிவில் டெக்னீஷியன் ஆனாள். பழுதான போர்டைக் கையில் எடுத்தால் எங்கே அடிபட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் யாரோ வரைந்து, யாரோ செய்த போர்டுகள் அவை. இல்லாத ஒன்றைப் புதிதாக உண்டாக்கும் வேலை அவளுக்கு வந்ததே இல்லை.

காளிதாஸுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. முகம் மழிக்கும்போது கையில் தட்டுப்பட்டது என்றார். ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை. டாக்டர் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லித்தான் செய்தார். கட்டி, குரலை இயக்கும் நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, நரம்பைக் காப்பாற்றப் பார்ப்போம், உறுதி சொல்ல முடியாது என்று. கட்டி போனது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் தொண்டையில் இருக்கும் இரண்டு குரல்நாண்களில் ஒன்று அசையாமல் படுத்துவிட்டது. வாயைத் திறந்தால், தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயில் வரும் காற்றுபோல் ஒரு சத்தம். அதற்குள் எங்கேயோ கொஞ்சமாகக் காளிதாஸ் இருந்தார்.

"கொஞ்ச காலம் பொறுங்க," என்றார் டாக்டர். "தானாவே திரும்பலாம். திரும்பலைனா ஊசி மூலமா ஒரு வழி இருக்கு. அதுவரைக்கும் பயிற்சியை விடாதீங்க."

உடம்பு தேறியதும் பேருந்துக்குத் திரும்பினார். ஹார்ன் அடிக்கப் பழகிக்கொண்டார். பயணிகளும் புரிந்து நடந்துகொண்டார்கள். ஒரு மழைக்காலை, செனாய்த் தொழிற்பேட்டை வாசலில் பேருந்து நின்றபோது, மலர் குடையை விரித்தபடி இறங்கப் போனாள். இடது பக்கமாக ஒரு மோட்டார் சைக்கிள் வேகமாக வருவதைக் காளிதாஸ் கண்ணாடியில் பார்த்துவிட்டார். "இறங்காத!" என்று கத்தினார். கத்தினார் என்பது அவருக்குத்தான் தெரியும். வெளியே காற்றுதான் வந்தது. மோட்டார் மலரை உரசித் தள்ளிவிட்டுப் போனது. முழங்கையில் சிராய்ப்பு, கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். மலரே எழுந்து, "ஒன்னுமில்லண்ணே, சிகிட் தான், சின்னக் கீறல்," என்றாள். அன்று மத்தியானம் காளிதாஸ் பேருந்துச் சாவியை முதலாளி மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. அடுப்பில் எண்ணெய் கொதிக்கும்போது அவர் ஏதாவது சொல்வார். "என்னங்க?" என்பாள் சந்திரமதி. மறுபடி சொல்வார். "என்ன சொன்னீங்க?" என்பாள் இவள். அவர் கையை அசைத்து ஒன்றுமில்லை என்று காட்டிவிட்டுப் போய்விடுவார். கொஞ்ச நாளில் கூடத்திலிருந்து சமையலறைக்குக் கைப்பேசியில் செய்தி வர ஆரம்பித்தது. 'தண்ணி.' 'மாத்திரை தீர்ந்துடுச்சு.' பிறகு அதுவும் குறைந்தது. லோஷினி சாயங்காலம் கூப்பிட்டால், மணி அடிக்கும்போதே கைப்பேசியை மனைவியிடம் நீட்டிவிடுவார்.

சத்தம் பத்தவில்லை, அவ்வளவுதானே என்று நினைத்தாள் சந்திரமதி. சத்தத்தைக் கூட்டும் போர்டுகளைத்தானே தினமும் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஆசிரியர்கள் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஒலிபெருக்கி ஒன்றை இணையத்தில் வாங்கினாள். காதில் மாட்டும் மைக், இடுப்பில் சின்னப் பெட்டி. காளிதாஸ் மாட்டிக்கொண்டு "ஹலோ" என்றார். எண்ணெயில் கடுகு போட்டதுபோல் பெட்டி பொரிந்தது. அந்தப் பொரியலுக்கு நடுவே ஒரு மூச்சு. அவர் முகம் போன போக்கைச் சந்திரமதி பார்த்தாள். கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, கைப்பேசியை எடுத்து ஏதோ தட்டினார். அவள் கைப்பேசி ஒலித்தது.

'இது நான் இல்ல.'

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரே ஒரு ஐசி சில்லு. மைக்கில் வந்ததை எல்லாம், குரலோ காற்றோ பாகுபாடில்லாமல், ஒரே தூக்காகத் தூக்கி ஸ்பீக்கரில் போட்டது. நல்ல தொண்டை உள்ள ஆசிரியருக்கு அது போதும். காற்று முக்கால், குரல் கால் என்று இருக்கும் மனிதருக்குக் காற்றைத்தான் பெரிதாக்கிக் காட்டும். இந்த ஆளுக்கென்றே ஒன்றைச் செய்தால்தான் உண்டு என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் பயமாகவும் இருந்தது.

பின்கட்டுச் சமையலறையில், அம்மியை ஓரமாகத் தள்ளிவிட்டு, பழைய படிப்பு மேசையைப் போட்டாள். ஜொகூர் பாருவில் சீனர் கடையில் டிரான்சிஸ்டர், கெப்பாசிட்டர், துளைப் பலகை, உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் எல்லாம் வாங்கினாள். காலை ஷிப்ட் முடித்து வந்து, சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் முழுவதும் உட்கார்ந்தாள். காளிதாஸ் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கூடத்துக்குத் திரும்பிவிட்டார்.

புத்தகத்தில் கிடைத்த எளிய படம் ஒன்றைப் பார்த்து முதல் பெருக்கியைக் கட்டினாள். மைக்கில் வரும் சின்ன அசைவை முதலில் ஒரு ஐசி கொஞ்சம் வளர்த்துக் கொடுக்கும். அதை வாங்கிக்கொண்டு இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஸ்பீக்கரைத் தள்ளி இழுக்கும். ஒன்று தள்ளும், மற்றது இழுக்கும். மின்சாரம் கொடுத்து மைக்குக்கு முன்னால் கை தட்டினாள். பட்டென்று கேட்டது. சந்தோஷத்தில், "ஏங்க!" என்று கூப்பிட்டாள். அவள் குரல் கிழிந்த துணிபோல் வந்தது. பிறகு, அவரைப்போல் காற்றாகப் பேசிப் பார்த்தாள். ஒன்றுமே வரவில்லை. மைக்கை வாயோடு வைத்துப் பேசினாள். அப்போதும் ஒன்றுமில்லை. கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவளை ரொம்பக் குழப்பியது. எதுவும் பழுதில்லாமல் ஒரு போர்டு வேலை செய்யாமல் இருந்து அவள் பார்த்ததில்லை.

தொழிற்சாலையில் மதிவாணன் என்று ஓர் இன்ஜினியர். வயதில் இளையவன், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். பிரிவுத் தலைவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, இடைவேளையில் அந்தப் பலகையை ஒசிலோஸ்கோப்பில் மாட்டினான். திரையில் அலை ஓடியது. மேடு இருந்தது, பள்ளம் இருந்தது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் இடத்தில் மட்டும் ஒரு படிபோல் தட்டையாக நின்றது.

"பாத்தீங்களாக்கா?" என்றான் மதிவாணன். "ரெண்டு டிரான்சிஸ்டரும் ஷிப்ட் வேலை பாக்குது. மேல் பாதிக்கு ஒன்னு, கீழ் பாதிக்கு ஒன்னு. ஆனா ஷிப்ட் மாறுற நேரத்துல ரெண்டுமே தூங்குது. நீங்க கை தட்டினா அந்த இடைவெளி பெருசா தெரியாது. அண்ணனோட குரல் சின்னது இல்லையா? முழுசா அந்தத் தூக்கத்துக்குள்ளேயே விழுந்துடுது."

"அப்ப எழுப்பி விடணும்."

"ரெண்டையும் லேசா முழிச்சிருக்க வைக்கணும். வேலை இல்லாதப்பவும் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கணும். நடுவுல ரெண்டு டையோடு போடுங்க."

அந்த இரண்டு டையோடுகளை எத்தனையோ போர்டுகளில் அவள் மாற்றியிருக்கிறாள். எதற்காக இருக்கின்றன என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வீட்டுக்கு வந்து அவற்றைச் சேர்த்துப் பற்றவைத்து, மைக்குக்கு முன்னால் மூச்சுவிடுவதுபோல், "காளிதாஸ்," என்றாள். ஸ்பீக்கர் மெல்ல, ஆனால் பிசிறில்லாமல், அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னது. புருஷன் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லாதவள், வெட்கப்பட்டுக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

சந்தோஷம் அன்றைக்கே முடிந்தது. சோறு வடித்துவிட்டு வந்து தொட்டபோது டிரான்சிஸ்டர்கள் கையைச் சுட்டன. லேசாக விழித்திருக்கச் சொன்னால், சூடு ஏற ஏற அவை இன்னும் அதிகமாக விழித்துக்கொண்டன. அதனால் இன்னும் சூடு. டையோடுகளை டிரான்சிஸ்டர்களின் முதுகோடு ஒட்டிவைக்கச் சொன்னான் மதிவாணன். அவற்றுக்கும் அதே சூடு தெரிந்தால் அவையே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும் என்றான். கூடவே இன்னொன்றும் சொன்னான்.

"அக்கா, நீங்க உங்க குரலை வச்சே டெஸ்ட் பண்றீங்க. நீங்க கிசுகிசுக்கிறது வேற, அண்ணன் பேசுறது வேற. அவரு குரல்ல கொஞ்சம் நிஜக் குரல் மிச்சம் இருக்கும். அது எந்த இடத்துல இருக்குன்னு தெரிஞ்சா மேல இருக்குற காத்தை வெட்டிட்டு, அதை மட்டும் தூக்கலாம். ஒரு ரெக்கார்டிங் கொண்டுவாங்க."

அன்று சாயங்காலம் காளிதாஸிடம் கேட்டாள். "ஒரு நிமிஷம் ஏதாச்சும் பேசுங்களேன். போன்ல எடுத்துக்கிறேன்." அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். மறுநாளும் கேட்டாள். எழுந்து போய்விட்டார்.

பக்கத்து வீட்டுக் காருக்கு அடியில் குடியிருந்த பழுப்புப் பூனை ஒன்று, மத்தியானமானால் பின்வாசலுக்கு வரும். காளிதாஸ் மீன் தலையைத் தட்டில் வைத்துவிட்டு, முட்டியைக் கட்டிக்கொண்டு எதிரே உட்காருவார். ஒருநாள் மேசையில் வேலை செய்துகொண்டிருந்த சந்திரமதிக்கு முணுமுணுப்பு கேட்டது. காதைக் கொடுத்தாள். அவர் பேசிக்கொண்டிருந்தார். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு, அவசரமில்லாமல், முழு வாக்கியங்களாக. அவள் கை தானாகக் கைப்பேசிக்குப் போனது. ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவில் அதை மெல்லச் சாய்த்து வைத்தாள்.

மீனின் ருசியைப் பற்றிச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கப்போவதைச் சொன்னார். பிறகு, "உன்கிட்டதான் லா நிம்மதியா பேச முடியுது. நீ மட்டும்தான் என்னன்னு கேக்கமாட்ட," என்றார்.

சந்திரமதி அங்கேயே பதிவை நிறுத்திக் கைப்பேசியை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அழவும் இல்லை. இது போதும், இதில் குரல் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். அந்த நினைப்பே பிறகு வெகுநாள் அவளை உறுத்தியது.

மறுநாள் இடைவேளையில் மதிவாணன் அதைக் கணினியில் ஓடவிட்டான். கடைசி வாக்கியம் வந்தபோது இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்று எல்லாம் மேலே கூட்டமாக இருந்தது. கீழே, நடுப்பகுதிக்குக் கொஞ்சம் தாழ, ஒரு மெல்லிய கோடு நடுங்கிக்கொண்டிருந்தது. "இதான் அண்ணன்," என்றான் அவன்.

அந்தக் கோட்டுக்காகவே இரண்டாவது பலகையைக் கட்டினாள். மேலே இருக்கும் காற்றை வடிகட்ட ஒரு பகுதி, கீழே இருக்கும் குரலைத் தூக்க ஒரு பகுதி, கடைசியில் விழித்திருக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்கள். எந்தக் கெப்பாசிட்டரைப் போடுவது என்று மாற்றி மாற்றிப் போட்டு, பதிவை ஓடவிட்டுக் கேட்டாள். அவர் வீட்டில் இருக்கும்போது காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்டாள். எல்லாம் முடிந்து, மூடியில் துளையிட்ட சாப்பாட்டு டப்பா ஒன்றுக்குள் அடங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மதிவாணன் ரொட்டி சானாய்ப் பொட்டலத்தோடு வந்தான். வீட்டுக்கு வந்த விருந்தாளி முன்னால் மறுக்கக் காளிதாஸுக்கு மனம் வரவில்லை. டப்பாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மைக்கை வாயோரமாக வளைத்துவிட்டாள் சந்திரமதி.

"ஒன்னு... ரெண்டு," என்றார் காளிதாஸ்.

சளி பிடித்த ஒருவர் பேசுவதுபோல் இருந்தது. ஆனால் குரல். அவருடைய குரல். அவர் டப்பாவைக் குனிந்து பார்த்தார். மறுபடி, "மூனு," என்றார். தலையை நிமிர்த்தி, "டீ குடிச்சியா மதிவாணா?" என்றார். உபசாரம் செய்து எவ்வளவு காலமாயிற்று!

மதிவாணனுக்குத் தலைகால் புரியவில்லை. "அலமாக், சூப்பர்ணே! அந்தப் பூனைகிட்ட பேசினதுல இருந்த அதே டோன் அப்படியே வருது பாருங்க!"

சந்திரமதி தரையைப் பார்த்தாள்.

"எந்தப் பூனை?" என்று கேட்டது டப்பா.

காளிதாஸ் மனைவியைப் பார்த்தார். "என்னைய ரெக்கார்ட் பண்ணியா?"

"உங்ககிட்ட கேட்டேன்ங்க. நீங்க மாட்டேன்னுட்டீங்க."

"மாட்டேன்னு சொன்னா எடுத்துக்கோன்னு அர்த்தமா? கம்பெனியில போட்டு வேற காட்டினியா?"

"மதிவாணனுக்கு மட்டும்தான்..."

"நான் என்ன, ரிப்பேருக்கு வந்த போர்டா? நீ மேசையில போட்டுப் பிரிச்சுப் பாக்க?"

மதிவாணன் எழுந்து, "நான் அப்புறம் வர்றேன்கா," என்று முணுமுணுத்துவிட்டுச் செருப்பை மாட்டினான். காளிதாஸ் குமிழைத் திருகிச் சத்தத்தை ஏற்றினார். பக்கத்து வீட்டில் தொலைக்காட்சியின் ஒலி தணிந்தது. அவர் ஒரு பூனையிடம்கூட நம்பிப் பேச முடியாத வீடா இது என்று கேட்டார். அவள், நீங்கள் என்னிடம் பேசியிருந்தால் நான் ஏன் பூனைக்குப் பின்னால் ஒளிகிறேன் என்று கேட்டாள். அவர் ஓரடி முன்னால் வந்து குனிந்தார். மைக்கும் ஸ்பீக்கரும் நெருங்கிவிட்டன. டப்பா கூகூவென்று ஊளையிட்டது. இருவரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். காளிதாஸ் டப்பாவைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கதவைத் திறந்து வெளியே போனார்.

சந்திரமதி தனியாக உட்கார்ந்திருந்தாள். சண்டையில் அவர் சொன்ன எந்தச் சொல்லுக்கும் தான் 'என்ன?' என்று கேட்கவில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் அவளுக்கு உறைத்தது. எல்லாச் சொல்லும் கேட்டது. எல்லாச் சொல்லும் தைத்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், ஆறிப்போன ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாள்.

பொழுது சாயும்போது அவர் திரும்பினார். கையில் இரண்டு மீ கோரிங் பொட்டலம். இருவரும் சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு வந்து, அவரே டப்பாவை எடுத்துக் கழுத்தில் மாட்டி, மைக்கை வாய்க்கு நேராக வைத்தார்.

"இன்னும் முடியல," என்றார்.

"சொல்லுங்க."

"நான் ஒன்னு சொல்வேன். நீ என்னம்ப. மறுபடி சொல்வேன். மறுபடி என்னம்ப. மூனாவது தடவை சொல்ற அளவுக்கு அதுல ஒன்னும் இருக்காது லா. குழம்புல உப்புக் கம்மின்னு சொல்ல வந்திருப்பேன். அதைப் போயி மூனு தடவை சொல்வாங்களா?" கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "அப்படித்தான் நின்னுபோச்சு. உன் மேல கோவம்லாம் இல்ல. பேசுறதுக்கு அலுப்பா இருந்துச்சு. லோஷினிகிட்டயும் அப்படித்தான். அவ அங்கருந்து அப்பா, அப்பா, கேக்குதான்னு கத்துவா. எனக்கு வெக்கமா இருக்கும்."

சந்திரமதி, "எனக்கும் வீட்டுல பேச ஆளில்லாம போச்சுங்க," என்றாள். "உங்களைக் கேக்காம எடுத்தது தப்பு. அதுல நீங்க சொன்னதைக் கேட்ட பிறகாவது அழிச்சிருக்கணும். அழிக்கல. எனக்கு அந்த நேரத்துல போர்டுதான் பெருசா தெரிஞ்சுச்சு."

அவர் கையை நீட்டினார். கைப்பேசியைக் கொடுத்தாள். பதிவை ஓடவிட்டு, தலையைச் சாய்த்து முழுவதும் கேட்டார். மீன், பக்கத்து வீட்டுக் கார், கடைசி வாக்கியம். கேட்டு முடித்துவிட்டு அழித்தார். மதிவாணனிடம் இருப்பதையும் அழிக்கச் சொல் என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. எழுந்து போகும்போது மட்டும் திரும்பிப் பார்த்து, "இந்த 'ச' வர்ற இடமெல்லாம் காதைக் குத்துது. அதைச் சரி பண்ணு," என்றார்.

அந்த வாரம் லோஷினி கூப்பிட்டபோது அவரே எடுத்தார். எதிர்முனையில் ஒரே அழுகை. "அழறதுக்கா போன் பண்ண? சாப்பிட்டியா?" என்றார் காளிதாஸ்.

பிறகு நடந்ததெல்லாம் குறை சொல்லும் படலம். இதுவரை பின்கட்டு மேசைப் பக்கமே வராதவர், முக்காலி போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். சூடாக இருக்கிறது, கனமாக இருக்கிறது, குனிந்தால் ஊளையிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் அவள் ஏதாவது செய்து பார்த்தாள். ஊளைக்கு மட்டும் வழி தெரியவில்லை. வடிகட்டியை மாற்றினாள், சத்தத்தைக் குறைத்தாள், மைக்கைப் பஞ்சில் பொதிந்தாள். ஒருநாள் அவர்தான் சொன்னார்.

"ஸ்பீக்கரு என் நெஞ்சுலயே ஏன் தொங்கணும்? நான் பேசுறது எனக்கா கேக்கணும்? பஸ்ஸுல பின்னால இருக்கிறவங்களுக்குத்தானே?"

பஸ் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை அவள் கவனித்தாள். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நீளமான கம்பி ஒன்றை எடுத்து ஸ்பீக்கரைத் தனியாகப் பிரித்தாள்.

முதலாளி நல்ல மனிதர். சாவியைக் காளிதாஸ் கொடுத்தபோதே, மனம் மாறினால் வா என்றுதான் சொல்லியிருந்தார். காலை நடை மட்டும் முதலில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், படிக்கட்டைப் பார்த்தபடி ஸ்பீக்கரை மாட்டினாள் சந்திரமதி. முதல் நாள் அவளும் முன்னிருக்கையில் உட்கார்ந்து போனாள். மலர் ஏறும் இடம் வந்தபோது காளிதாஸ் தயங்கினார். அந்த மழைக்காலைக்குப் பிறகு அவர் மலரைப் பார்க்கவே இல்லை.

"மலரு, பாத்து ஏறு. படி ஈரமா இருக்கு," என்றார்.

மலர் ஒரு காலைப் படியில் வைத்தபடி ஸ்பீக்கரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நல்லா கேக்குதுண்ணே," என்றாள். "ஆனா கொஞ்சம் கம்மி பண்ணுங்க. காலங்காத்தால தலைவலிக்குது."

பேருந்து முழுக்கச் சிரித்தது. சந்திரமதி ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆண்டு திரும்பியும் நரம்பு எழுந்திருக்கவில்லை. டாக்டர் சொன்னபடி ஊசி மூலம் அந்தக் குரல்நாணை நடுப்பக்கமாக நகர்த்தினார்கள். காற்று பாதியாகக் குறைந்தது. வந்த குரல் பழைய குரல் இல்லை. அதைவிட மெல்லியது, கொஞ்சம் கரகரப்பு. ஆனால் வீட்டுக்குள் டப்பா தேவைப்படவில்லை. எண்ணெய் கொதிக்கும்போது மட்டும் சந்திரமதி அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பி நின்று கேட்டாள்.

பேருந்தில் ஒரு சிக்கல் வந்தது. ஊசிக்கு முன்னால் இருந்த குரலுக்காகச் செய்த பெட்டி இந்தக் குரலை ஏற்கவில்லை. கனத்துப்போய், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது. குரல் மாறிவிட்டது, கோடும் இடம் மாறியிருக்கும், பலகையையும் மாற்ற வேண்டும். சந்திரமதி இரண்டு நாள் தயங்கிவிட்டுக் கேட்டாள்.

"உங்க குரலைப் பதிவு பண்ணணும்ங்க. இப்ப இருக்குற குரலை."

"என்ன பேசணும்?"

"எது வேணாலும் பேசுங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காளிதாஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நாளிதழை விரித்து, பின்கட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் கைப்பேசியை அவர் கண்முன்னாலேயே வைத்துப் பொத்தானை அழுத்தினாள். அவர் முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். வெள்ள எச்சரிக்கை, எரிபொருள் விலை, பத்து பாகாட்டில் ஒரு பள்ளியின் விளையாட்டுப் போட்டி. நடுவில் தண்ணீர் குடித்தார். செய்தியைத் திட்டினார்.

கொஞ்ச நேரத்தில் அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. "போதும்ங்க. எடுத்தாச்சு," என்றாள்.

காளிதாஸ் கண்ணாடிக்கு மேலாக அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, பக்கத்தைத் திருப்பினார். பந்து விளையாட்டுப் பக்கம். நேற்று ஜொகூர் அணி யாரிடம் எப்படிக் கோல் வாங்கியது என்று விளக்கமாக வாசிக்கத் தொடங்கினார். சந்திரமதி கைப்பேசியை அணைத்து ஓரமாக வைத்துவிட்டு, வெங்காயத்தை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள்.